சடையன் டீக்கடை

இது கோலிக்குண்டு இல்லீங்க தம்பி. காட்பாடியில இருந்து நீங்க என் கையவே பாத்துட்டு வர்றீங்க, நானும் கவனிச்சேன். இந்தாங்க, வாங்கிப் பாருங்க. கனமா இருக்குதா? பித்தளைங்க. இருபது முகம், ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் நம்பரு. கடையில வாங்கினதில்லை. பம்ப்பு கம்பெனியில கழிச்சுப் போட்ட பித்தளைத் துண்டுல, மதியச் சோத்து நேரத்துல ஒக்காந்து, மூணு மாசம் அரம் போட்டுச் செஞ்சான் ஒருத்தன். வெள்ளிங்கிரின்னு பேரு. எம்பட சிநேகிதன். அவனைப் பாத்துட்டுத்தான் ராஜ்கோட்டுல இருந்து திரும்பி வர்றேன்.

நீங்க ஈரோடுதானே? சூரத்துல ஏறினீங்க, துணி யாவாரம். இருங்க, நீங்க சொல்ல வேண்டாம், மூட்டையைப் பாத்தாலே தெரியுது. எனக்கு ஆளைப் பாத்தாப் போதும், மீதியை நானே சொல்லிருவேன். நான் கோயமுத்தூர், கணபதி. மோட்டார் ரீவைண்டிங் கடை. பூபதின்னா அந்த ஏரியாவுல எல்லாத்துக்கும் தெரியும்.

ஒரு கொலை பண்ணிப்போட்டேன் தம்பி. அட, தள்ளி ஒக்காராதீங்க. நெசக் கொலை இல்லை. வெளையாட்டுல.

எப்படிச் சொல்றது. ஒரு மேசை, சுத்தி நாலு பேரு. ஒருத்தன் கதைக்காரன், அது நான். மத்த மூணு பேருக்கும் ஆளுக்கு ஒரு வேஷம். மேக்கப்பு கீக்கப்பு எல்லாம் கெடையாது, ஒக்காந்த எடத்துல பேசறதுதான். “முன்னாடி ஆத்துல வெள்ளம் போகுது, என்ன பண்றே?”ன்னு நான் கேப்பேன். “நீந்தறேன்”பான். “அப்ப உருட்டு”ன்னுவேன். இந்தக் குண்டை உருட்டணும். பத்துக்கு மேல விழுந்தாக் கரையேறிருவான், கீழ விழுந்தா வெள்ளம் இழுத்துட்டுப் போயிரும். அவ்வளவுதான் வெளையாட்டு. கேக்கறதுக்கு இப்படி இருக்குது, ஆனா ஏழு வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை விடலீங்க. மதியம் ரெண்டு மணிக்கு எங்கடை மாடியில ஆரம்பிச்சா ஆறு மணி வரைக்கும். பொண்டாட்டி திட்டுவா, நான் காதுல வாங்கறதில்லை.

கண்ணாடிக்கடை ஹமீது பாய்தான் உக்கடத்துல பழைய புஸ்தகக் கடையில அந்த வெளையாட்டுப் புஸ்தகத்தைப் புடிச்சுட்டு வந்தாரு. இங்கிலீசு. கணக்கு டீச்சர் பிரேமலதா படிச்சுச் சொன்னாங்க. அதுல இருந்த நாடும் அரண்மனையும் நமக்கு ஒத்து வரலை, நானே ஒரு நாடு கட்டினேன். ஏழு கணவாய் நாடு. ஒவ்வொரு கணவாயா ஏறித் தாண்டணும். ஏழாவது தாண்டினாக் கதை முடிஞ்சுது. ஏழு வருஷத்துல அஞ்சு தாண்டியிருந்தாங்க.

சட்டமெல்லாம் நாந்தான் போட்டேன். நல்ல சட்டமுங்க, கேளுங்க. ஒண்ணு, ஒருத்தன் வேஷத்துக்கு அவன் மட்டுந்தான் பேசணும், அடுத்தவன் வாய் வெக்கக்கூடாது. ரெண்டு, செத்தவன் பேசக்கூடாது. அதாவது, ஒருத்தனோட வேஷம் செத்துப்போச்சுன்னா அன்னிக்கு ஆட்டம் முடியற வரைக்கும் அவன் வாயைத் தெறக்கக்கூடாது. மொத வருஷம் ஹமீது பாயோட வைத்தியர் வேஷம் பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு. செத்தும் மனுசன் சும்மா இருக்கலை, “இந்தப் பக்கம் போங்க, அந்தக் கதவைத் தெறங்க”ன்னு மேலோகத்துல இருந்து ரோசனை சொல்லிட்டே இருந்தாரு. அப்பப் போட்ட சட்டம் அது. மூணு, உசுருக்கான உருட்டு மட்டும் எல்லாரு கண்ணு முன்னாடி, மேசை மேலதான் உருட்டணும். எனக்கு ஒரு மறைப்பு உண்டுங்க, தினசரிக் காலண்டர் அட்டை மூணை ஒட்டி நிறுத்திருப்பேன், பின்னால கதைக் குறிப்பு இருக்கும். சின்னச் சின்ன உருட்டெல்லாம் நான் அதுக்குப் பின்னால உருட்டிக்குவேன். உசுரு உருட்டு மட்டும் வெளியில.

நாலாவது ஒண்ணு இருக்குது. அதுக்கு வர்றேன், பொறுங்க.

வெள்ளிங்கிரியப் பத்திச் சொல்லணும். ஐ.டி.ஐ.ல ஒண்ணாப் படிச்சோம். அவன் டர்னர், நான் எலக்ட்ரீசியன். முப்பது வருஷச் சிநேகிதம். அவனுக்கு வாய் திக்கும்ங்க. அதுலயும் ‘ப’ வந்தாப் போச்சு, அப்படியே நின்னுருவான். எம் பேரு பூபதி. கெரகத்தைப் பாருங்க, முப்பது வருஷமா எம் பேரைக் கூப்பிட முடியாம “பூ... பூ... பூ...”ன்னு நிப்பான், கண்ணு ரெண்டும் பிதுங்கும். எனக்கு மனசு கேக்காது. “என்றா வெள்ளி, டீக்குப் போலாமா?”ன்னு நானே முடிச்சு வெச்சுருவேன். தலையாட்டுவான். பஸ்ஸு கண்டக்டரா இருந்தாலும் செரி, ஆஸ்பத்திரியா இருந்தாலும் செரி, அவன் ஆரம்பிப்பான், நான் முடிப்பேன். பொண்ணு பாக்கப் போனப்ப மாமனாருகிட்ட நாந்தான் பேசினேன். மாப்பிள்ளைக்கு என்ன புடிக்கும்னு கேட்டாங்க, கேசரின்னு சொன்னேன். அவனுக்குக் கேசரியே ஆகாதுன்னு கல்யாணமாகிப் பத்து வருஷங்கழிச்சு அவன் சம்சாரம் ஈஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதுதானே அவன்? சொல்லலை.

ஆனா வெளையாட்டுல பாக்கோணும்ங்க அவனை! அவன் வேஷம் நொண்டிச் சடையன். பூட்டுத் தெறக்கறவன், ஒரு காலு வெளங்காது. சடையனாப் பேச ஆரம்பிச்சா வெள்ளிங்கிரிக்குத் திக்கறதே இல்லைங்க. ஒரு எழுத்து திக்காது. கொரலே மாறிரும், அடித்தொண்டையில இருந்து வரும். எங்க போனாலும் சடையன் டீ கேப்பான். “ஏய்யா சத்திரக்காரரே, ஒத்தைக் காலுல அஞ்சு மலை ஏறி வந்தவனுக்கு டீ இல்லைன்னு சொல்ற வாயில நாளைக்குப் பல்லு இருக்குமாய்யா?”ன்னு கேப்பான். டீச்சர் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் தொடைப்பாங்க. நான், “அந்தக் காலத்துல டீ ஏதுடா?”ன்னு மல்லுக்கட்டுவேன். ஏழு வருஷம் சடையனுக்கு ஒரு டீ குடுக்கலை நான். சட்டம்னா சட்டம்.

எப்படி அங்க மட்டும் திக்கலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை. டீச்சருகிட்டக் கேட்டேன். “அங்கதானேண்ணா நீங்க குறுக்க பேச முடியாது”ன்னாங்க. டீச்சருக்கு எப்பவும் ஒரு லொள்ளு.

நாலாவது சட்டத்துக்கு வர்றேன். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு தாளு உண்டு. பேரு, பலம், பயம், அப்பறம் கடைசி வரியில ஆசை. இந்த ஆளு மனசுல என்ன ஆசைன்னு பென்சில்ல எழுதணும். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் ஒவ்வொருத்தரையாப் பாத்துக் கேப்பேன்: “ஆசை மாறிருக்கா?” மாறிருந்தா அழிச்சுட்டு எழுதி, அந்த வேஷத்தோட கொரல்ல சத்தமாச் சொல்லணும். நான் போட்டதுலயே நல்ல சட்டம் அதுதானுங்க. கதைக்காரனுக்கு மொத வேலை கேக்கறதுதான். கேக்காம எவனும் கதை சொல்லக்கூடாது. இதை நான் ஹமீது பாய்கிட்ட நூறு தடவை சொல்லிருப்பேன். 

இருங்க தம்பி, நீங்க சொல்ல வந்தது புரியுது. முடிச்சுர்றேன்.

போன மாசி மாசம். ஞாயித்துக்கிழமை ஒண்ணரை மணிக்கு, மாடியில நொறுக்குறதுக்கு மிக்சர் வாங்கலாம்னு முக்கு பேக்கரிக்குப் போனேன். கல்லாவுல இருந்தவன் சொல்றான், “ஏனுங்ணா, வெள்ளிங்கிரியண்ணன் ராஜ்கோட்டுக்குப் போறாராமே, ஃபோர்மேன் வேலையாமே, புதன்கெழமை வண்டியாமே”ன்னு. நானுங்க, அப்படியே நின்னேன். மிக்சரை எடை போட்டுட்டே சொல்றான் அவன், சும்மா மழை வருமான்னு கேக்கற மாதிரி. அவன் மேக்கொண்டு என்னவோ கேக்கு கீக்குன்னு சொன்னான். எனக்குக் காதுல ஏறலை.

முப்பது வருஷம். பேக்கரிக்காரனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியலை.

ராஜ்கோட்டுன்னா என்ன தெரியும்ல? அவங்களும் பம்ப்பு போடறவங்க. நம்மூருக்குப் போட்டி. அங்க போறான். எங்கிட்டச் சொல்லலை. சொல்ல வாய் வரலைன்னா ஒரு சீட்டுல எழுதித் தரலாம்ல? எனக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. அழுகைகூட வந்துச்சு, பேக்கரி வாசல்ல நின்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டேன், வெக்கமென்ன இதுல. அப்பறம் கோவம் வந்துச்சு. அழுகையக் காட்டிலும் கோவம் எனக்குச் சௌகரியமுங்க.

மாடிக்குப் போனா மூணு பேரும் வந்து ஒக்காந்துருக்காங்க. வெள்ளி எனக்கு நேரெதிரா. காதுல பென்சில் சொருகியிருக்கான். பக்கத்துல ஒரு அட்டைப் பொட்டி. அவனோட தாளை மேசை மேல, எழுத்து எம் பக்கம் பாத்தாப்பல திருப்பி வெச்சுருக்கான். எம் மூஞ்சியவே பாக்கறான், லேசாச் சிரிக்கறான். எனக்கு எப்படி இருந்துருக்கும்? போறவனுக்குச் சிரிப்பு வேறயான்னு தோணுச்சு. நான் அந்தத் தாளைப் பாக்கவே இல்லை. நேரா ஆரம்பிச்சுட்டேன். “ஆறாவது கணவாய். பொழுது சாயுது. மேல போற பாதை ஒத்தையடிப் பாதை”ன்னு.

ஹமீது பாய் சொன்னாரு, “மாஸ்டர், ஆசை கேக்கலையே?”

“இன்னிக்கு நேரமில்லை”ன்னேன்.

வெள்ளி மூஞ்சியில சிரிப்பு நின்னுச்சு. காதுல இருந்த பென்சிலை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டான்.

இப்ப யோசிச்சுப் பாத்தா ஒரு மலைப்பாம்பை விட்டுருக்கலாம், ராட்சசனை எறக்கியிருக்கலாம். ஏழு வருஷம் ஓடின வேஷம், அதுக்கொரு மரியாதையான சாவு குடுத்திருக்கலாம். எனக்கு ஒண்ணும் தோணலைங்க. “சடையா, மேல இருந்து ஒரு கல்லு உருண்டு வருது, உன்னைப் பாத்துத்தான் வருது. என்ன பண்றே?”ன்னேன். ஒரு கல்லு. அவ்வளவுதான்.

சடையன் கொரல் வந்துச்சு. “கல்லுக்கும் எனக்கும் என்னய்யா பகை? ஒதுங்கிக்கறேன்.” ஒரு எழுத்து திக்கலை. அதுதான் அந்த மாடியில சடையன் கடைசியாப் பேசினது. குண்டை எடுக்கக் கை நீட்டினான். நான் மொதல்ல எடுத்துட்டேன். “இதை நான் உருட்டறேன்”னு சொல்லி மறைப்புக்குப் பின்னால உருட்டினேன்.

பதினேழு விழுந்துச்சு தம்பி.

பதினேழு. கல்லு அவன் தோள்பட்டையக்கூட உரசியிருக்காது. அந்தப் பதினேழு இப்பவும் எங்கண்ணுக்குள்ள நிக்குது. அவன் அரம் போட்டு வெட்டின எழுத்து, ஏழுக்கு வாலைக் கொஞ்சம் நீட்டி விட்டுருப்பான், பாருங்க, அந்த முகத்தைத் திருப்புங்க. பாத்தீங்களா?

“மூணு”ன்னு சொன்னேன். “சடையன் செத்துட்டான்.”

டீச்சர்தான், “கல்லு விழுந்தா?”ன்னாங்க. வெள்ளி வாயைத் தெறந்தான். “பூ... பூ... பூ...” தாளை எம் பக்கம் தள்ளறான். “பூ... பூ...”

நான் என்ன சொன்னேன்? “செத்தவன் பேசக்கூடாது”ன்னு சொன்னேன்.

அவன் வாயை மூடிக்கிட்டான். மணி அப்ப மூணுகூட ஆகலை. ஆறு வரைக்கும் ஒக்காந்திருந்தான்ங்க. எந்திரிச்சுப் போயிருக்கலாம். போகலை. சட்டம்னா அவனுக்கும் சட்டம். டீ வந்தப்ப எனக்குத்தான் மொத டம்ளரை நகத்தி வெச்சான். ஆறு மணிக்கு ஆட்டம் முடிஞ்சுது, இனிப் பேசலாம், நானும் பேசுவான்னு பாத்தேன். அவன் தாளை நாலா மடிச்சான். செத்தவங்க தாளைப் போடறதுக்குன்னு ஒரு பிஸ்கட் டின்னு வெச்சிருந்தோம், அதுல அவனே போட்டு மூடினான். செருப்பை மாட்டிட்டு எறங்கிப் போயிட்டான். அட்டைப் பொட்டிய விட்டுட்டுப் போயிட்டான்.

செவ்வாக்கெழமை எறும்பு சாரை சாரையா மாடிப்படியேறிப் போகுது. போயிப் பொட்டியத் தெறந்தாக் கேக்கு. மேல க்ரீம்ல எழுதியிருக்குது: ‘சடையன் டீக்கடை, திறப்பு விழா’. எனக்கு ஒண்ணும் புரியலைங்க. என்னவோ நக்கலு பண்ணியிருக்கான்னு நெனச்சுட்டு எறும்போட தூக்கி வெளிய வெச்சுட்டேன்.

புதன்கெழமை டேசனுக்குப் போகலை நான். எதுக்குப் போகணும்? சொன்னாத்தானே போறதுக்கு. அன்னைக்குப் பொழுதோட டீச்சர் கடைக்கே வந்துட்டாங்க. “அண்ணா, வெள்ளிங்கிரியண்ணன் வீடு பூட்டிக் கெடக்குது. குஜராத்துக்குப் போயிட்டாராம். உங்களுக்குத் தெரியுமா?”

பாருங்க, அவங்களுக்கும் சொல்லலை. நான் நெனச்சுட்டு இருந்தேன், எல்லாத்துக்கும் தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியாதுன்னு.

“தெரியும்”ன்னேன்.

“எப்பத் தெரியும்?”

“ஞாயித்துக்கெழமை.”

“ஆட்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

கணக்கு டீச்சருங்க. விடமாட்டாங்க. “முன்னாடி”ன்னேன். அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்குதே. “அப்பத் தெரிஞ்சுதான் கொன்னீங்களா?”ன்னாங்க. நான் சொன்னேன், “டீச்சர், போறவனோட வேஷம் அந்தரத்துல தொங்கக்கூடாது, கதைக்கு ஒரு முடிவு வேணும், கதைக்காரனா என் கடமை அது”ன்னு. நல்லாத்தான் சொன்னேன். அவங்க, “ஒரு கல்லாண்ணா?”ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் அவங்க மாடிக்கு வரலை. ஹமீது பாய் ரெண்டு வாரம் வந்தாரு. நாங்க ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு மிக்சர் தின்னோம். அப்பறம் அவரும் நின்னுட்டாரு.

எட்டு மாசம் தம்பி. ஞாயித்துக்கெழமை ரெண்டு மணின்னா காலு தானா மாடிப்படிக்குப் போகும். போன் பண்ணலாம்னு எடுப்பேன், வெச்சுருவேன். அவன் பண்ணட்டும்னு. போன்ல அவன் எப்படிப் பேசுவான், திக்குவாய்க்காரன், அதையும் நான் யோசிக்கலை.

ஆயுத பூசைக்குக் கடைய ஒழிச்சுக் கழுவினோம். மாடியில பிஸ்கட் டின்னு. துரு ஏறியிருக்குதேன்னு தெறந்தேன். மேலாக அவன் தாளு. பிரிச்சேன். பழைய ஆசைய ரப்பர் வெச்சு அழிச்சிருக்கான், அந்த எடமே பஞ்சு பஞ்சா இருக்குது. அதுக்கு மேல புதுசா எழுதியிருக்கான், எம் பொட்டியில வெச்சிருக்கேன், ஆனாப் பாக்காமயே சொல்லுவேன்:

‘ஆசை: காலு இனி ஏறாது. ஆறாவது கணவாயில டீக்கடை போட்டு ஒக்காந்துக்கறேன். போற வர்றவங்களுக்கு வழி சொல்லிட்டு அங்கயே இருப்பேன். வெள்ளிங்கிரி இல்லாத ஞாயிறெல்லாம் சடையனுக்குப் பூபதி பேசட்டும். அவனுக்கு எம்பட வாயி பழக்கந்தான்.’

கீழ தேதி. அந்த ஞாயித்துக்கெழமைத் தேதி.

எங்கிட்டச் சொல்லத்தான் வந்துருக்கான் தம்பி. திக்காமச் சொல்லணும்னு, சடையன் வாயால சொல்லணும்னு, நான் கேப்பேன்னு காத்துட்டு ஒக்காந்திருந்திருக்கான். ஏழு வருஷம் ஒரு வாரம் விடாமக் கேட்ட கேள்வி. அன்னைக்கு ஒரு நாளு நான் கேக்கலை. அவனோட ஒரே நல்ல வாயி அது. அதை எனக்கு வெச்சுக்கோன்னு குடுக்க வந்திருக்கான். அதைத்தான் நான் கல்லைப் போட்டுக் கொன்னேன். மெசினுக்கெல்லாம் சந்தனம் வெச்சு மாலை போட்டு இருக்குது, நான் கீழ ஒக்காந்து கொழந்தையாட்டம் அழுதேன்ங்க. பொரிகடலை வாங்க வந்தவங்கல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறாங்க.

போன் பண்ணினேன். ஈஸ்வரிதான் எடுத்துச்சு. “அண்ணா, இவரு இப்பப் பேசறதே இல்லீங்ணா. எங்கிட்டயும் கையில சாடை காட்றாரு. கம்பெனியில இவரை ஊமைன்னு நெனச்சுட்டாங்க. இவரும் ஆமாம்னு தலையாட்டிட்டு வந்துட்டாரு”ன்னு சொல்லிட்டு அழுவுது. “நீங்க வந்தாப் பேசுவாருங்ணா. நீங்க ஒருக்கா வாங்க.”

தீபாவளி கழிச்சு வண்டி ஏறிட்டேன்.

டேசனுக்கு வந்திருந்தான். எளைச்சுப் போயிருந்தான். எம் பையப் புடுங்கித் தோள்ல போட்டுக்கிட்டான், டீ வாங்கிக் குடுத்தான், மொத டம்ளர் எனக்கு. நாந்தான் பேசிட்டே வந்தேன், வழி நெடுக. ஊரு, கடை, டீச்சரு, பாய். தலைய ஆட்டிட்டு வந்தான். 

ஞாயித்துக்கெழமை வரட்டும்னு காத்திருந்தேன். முந்தா நாளுதான். ரெண்டு மணி. ஒரு ஸ்டூலை நடுவுல போட்டேன். மறைப்பு கொண்டு போகலை, வேணும்னுதான். தாளைப் பிரிச்சு வெச்சேன், எழுத்து அவம் பக்கம் பாத்தாப்பல. குண்டை வெச்சேன். ஈஸ்வரி அடுப்பை அணைச்சுட்டு, கரண்டியோட வாசப்படியில நின்னுக்கிச்சு. 

“வெள்ளி, அன்னைக்கு விழுந்தது மூணு இல்லைடா. பதினேழு”ன்னேன்.

அவன் அசரவே இல்லைங்க. குண்டைக் காட்டினான், அப்பறம் கையைக் குறுக்க மறைப்பு மாதிரி நிறுத்திக் காட்டினான், தலையாட்டினான். மறைச்சு உருட்டினப்பவே அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. ஏழு வருஷத்துல நான் உசுரு உருட்டை மறைச்சது அந்த ஒரு தடவைதானே. தெரிஞ்சேதான் ஆறு மணி வரைக்கும் ஒக்காந்திருந்திருக்கான்.

சேலம் தாண்டியாச்சுங்களா? காவேரிப் பாலம் வர்றதுக்குள்ள சொல்லிர்றேன். மூட்டைய அப்பறம் எடுக்கலாம், நானும் ஒரு கை புடிக்கறேன்.

நான் சொன்னேன்ங்க, “சட்டத்தை நான் ஒடைக்கறேன்டா. பதினேழுன்னாக் கல்லு படலை. சடையன் சாகலை. ஆறாவது கணவாயில ஒரு மரத்தடியில ஒக்காந்திருக்கான். அந்த நாட்டுல டீ இருக்குதுடா, நாந்தான் சொல்றேன், தேயிலை மூட்டை மூட்டையா வந்து எறங்குது. சடையா, உன்னைத்தான் கேக்கறேன். ஆசை மாறிருக்கா?”

அவன் என்னையே பாத்தான். வாயைத் தெறந்தான். உதடு துடிக்குது. “பூ... பூ... பூ...”ன்னான். எட்டு மாசத்துல அவன் வாயில இருந்து வந்த மொதச் சத்தம். எனக்கு அப்படியே சந்தோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. “பூபதி, டீக்கடை போடலாம்ங்கிறே! அதானே? போடலாம்டா, போடலாம், கல்லாவுல நீ ஒக்காரு”ன்னு நானே முடிச்சு வெச்சுட்டேன். பழக்கம் தம்பி. முப்பது வருஷப் பழக்கம்.

அவன் வாயை மூடிக்கிட்டான். தாளை நாலா மடிச்சு எஞ்சட்டைப் பையில வெச்சான். குண்டை எடுத்து எங்கையில வெச்சு, எம் விரல் ஒவ்வொண்ணா மடிச்சு மூடினான். அவன் கையில கிரீஸ் வாசம். கோவமில்லைங்க மூஞ்சியில, சத்தியமா இல்லை. கோவிச்சிருந்தாலும் தாங்கிருவேன்.

அப்பத்தான் பேசினான். அடித்தொண்டையில இருந்து, சடையன் கொரல்ல.

“செத்தவன் பேசக்கூடாது பூபதி”ன்னான்.

திக்கலைங்க. ஒரு எழுத்து திக்கலை. முப்பது வருஷத்துல அவன் எம் பேரை ஒரே மூச்சுல சொன்னது அதுதான் மொதத் தடவை.